சட்டம் அநியாயம் என்றால் மீறலாமா? ஒரு கள் வழக்கை முன்வைத்து

தென்னந்தோப்பு மணி (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனசில் கிடந்த கேள்வி, இப்போது குடும்பத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால் இங்கே போடுகிறேன்.

எங்கள் தோப்பு பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகாவில். என் மச்சான் தோப்பு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சிப் பக்கம். இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே நெட்டை மரம், ஆழியாறு தண்ணீர்தான் இரண்டுக்கும். எங்கள் தோப்பில் பாளை சீவுகிறவருக்குக் கேரளத்தில் உரிமம் இருக்கிறது, நலநிதி இருக்கிறது. கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் 1969-லேயே வந்தாயிற்று. விடியற்காலையில் இறக்கும் கள் கேனில் ஏறி, பர்மிட்டோடு வேறு ஜில்லா ஷாப்புகளுக்குப் போகிறது. யாரும் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

மச்சான் தோப்பில் அதே பாளையை அதே கத்தியால் சீவினால் அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பாளையில் கட்டும் முட்டிக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கேஸ். போன மாதம் அங்கே மரமேறுகிறவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கட்டியிருந்த முட்டிகளை இறக்கச் சொல்லி அடிமரத்திலேயே போட்டு உடைத்தார்கள். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். முன்பு எங்கள் தோப்பிலும் ஏறியவர்தான்.

எனக்கு இதில் ஆத்திரம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1971-ல் கள்ளுக்கடையைத் திறந்தார்கள், சில வருஷத்தில் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள், 1987-ல் மறுபடி மூடினார்கள். பாட்டில் சாராயத்தை அரசாங்கமே கடை போட்டு விற்கிறது. குடிப்பது தீமை என்றால் இரண்டும் தீமை. மரத்திலிருந்து இறக்குவது மட்டும் எப்படிக் குற்றமாகிறது? இப்படி ஒரு சட்டத்தை மீறுகிறவன் தப்பு செய்கிறானா? அநியாயமான சட்டத்தை மீறுவது நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன். படித்தவர்கள் சொல்லுங்கள்.

திருத்தணி ஆசிரியர்

மணி தம்பி, உங்கள் ஆத்திரம் புரிகிறது. ஆனால் நீங்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டீர்கள். ஒரு சட்டம் முட்டாள்தனமாக இருப்பது ஒன்று, அநியாயமாக இருப்பது இன்னொன்று. பக்கத்து மாநிலத்தில் வேறு மாதிரி இருக்கிறது என்பதற்காக ஒரு சட்டம் அநியாயமாகிவிடாது. மாநிலங்கள் என்று பிரித்து வைத்திருப்பதே அவரவர் தேவைக்கு அவரவர் சட்டம் செய்துகொள்ளத்தான்.

சட்டத்தை மீறவே கூடாது என்று சொல்கிறவன் அல்ல நான். திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ம் தேதி. அதற்கு முன்னால், ஆந்திரத்தில் இருந்த தமிழ்ப் பகுதிகளைக் கேட்டு நடந்த வடக்கெல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி., கே. விநாயகம் போன்றவர்கள் தடையுத்தரவை மீறி ஊர்வலம் போனார்கள், சிறைக்குப் போனார்கள். வீட்டில் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். எல்லையைப் பிரித்த படாஸ்கர் தீர்ப்பில் ஆந்திரச் சித்தூரும் திருப்பதியும் கிடைக்கவில்லை, திருத்தணி கிடைத்தது. அவர்கள் மீறியிருக்காவிட்டால் அதுவும் கிடைத்திருக்குமா என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் பேசுவார்கள்.

ஆனால் அவர்கள் எப்படி மீறினார்கள் என்று பாருங்கள். பகலில், பெயர் சொல்லி, இந்தத் தேதியில் இந்தத் தெருவில் வருகிறோம் என்று அறிவித்துவிட்டு மீறினார்கள். 1922-ல் அகமதாபாத் நீதிமன்றத்தில் காந்தி நீதிபதியிடம் என்ன கேட்டார்? இந்தச் சட்டம் நல்லது என்று நீங்கள் நம்பினால் எனக்கு உச்சபட்ச தண்டனை கொடுங்கள், இல்லையென்றால் பதவியை விட்டு விலகுங்கள் என்றார். ஆறு வருஷம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு போனார். 1963-ல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதியதும் இதுதான்: அநீதியான சட்டத்தை மீறுகிறவன் ஒளிக்காமல் மீற வேண்டும், தண்டனையை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். விடியும் முன்னே மரமேறி, விடிந்ததும் முட்டியை வைக்கோலுக்குள் மறைப்பது அந்த வகையில் சேராது.

இன்னொன்றும் இருக்கிறது. 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்வேன். அரசியல் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகள் இருக்கும்போது சட்ட மறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாக்கிரகம் எல்லாவற்றையும் கைவிட வேண்டும் என்றார். அதை அராஜகத்தின் இலக்கணம் என்றே சொன்னார். ஓட்டு இருக்கிறது, சட்டமன்றம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அதையெல்லாம் முயன்றுவிட்டோமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழித்துறை வக்கீல்

ஆசிரியர் ஐயா சொன்ன வெளிப்படை, தண்டனையை ஏற்பது, இந்த இரண்டைப் பற்றியும் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் வரலாற்றை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டும் எல்லாருக்கும் எட்டுகிற நிபந்தனைகளாக எனக்குத் தெரியவில்லை.

தென் திருவிதாங்கூரில் தோள்சீலை விவகாரம் உங்களுக்குத் தெரியும். நாடார் பெண்கள் மேலாடை போடக் கூடாது என்று 1829-ல் அரசே உத்தரவு போட்டது. பெண்கள் அதற்குக் கட்டுப்படவில்லை. தோளில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள், கோயிலுக்கும் பள்ளிக்கும் போனார்கள். மேல்சாதிக்காரர்கள் சந்தையில் வைத்தே துணியைக் கிழித்தார்கள். 1858, 59-ல் வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. கடைசியில் சென்னை கவர்னர் டிரெவெலியனின் நெருக்கடியில் 1859 ஜூலையில் மகாராஜா ஒரு பிரகடனம் வெளியிட்டார். அதிலும் முழு உரிமை இல்லை. மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது மாதிரி உடுத்தக் கூடாது.

அந்தப் பெண்கள் முன்கூட்டி அறிவித்துவிட்டு மீறினார்களா? தண்டனையை மனமுவந்து ஏற்றார்களா? ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போன பெண், அதைக் கிழிக்க வருகிறவனுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தால்தான் அவள் செய்தது அறம் என்று யாராவது சொல்ல முடியுமா? காந்தி, கிங் எல்லாரும் சிறைக்குப் போகத் தயாராக இருந்தார்கள், சரி. அவர்கள் போனால் பத்திரிகையில் செய்தி வரும், ஊரே கூடும். கல்குளம் சந்தையில் துணி கிழிக்கப்பட்டவளுக்கு யார் வந்தார்கள்? தண்டனையை ஏற்பது போராட்டத்துக்கு வலு சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் அது போராட்ட உத்தி. மீறியது சரியா தவறா என்பதை அது தீர்மானிக்காது.

முத்துக்குட்டி என்கிற அய்யா வைகுண்டர், தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். தலையில் துணி கட்டவும் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டவும் உரிமை இல்லாத மக்களிடம் அதைச் சொன்னார். திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் அடைத்து வைத்தார்கள். இன்றைக்கும் சாமித்தோப்பு பதிக்குள் போகிற ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் போகிறார்கள். அன்று குற்றமாக இருந்தது இன்று வழிபாட்டு முறை.

சரி, எந்தச் சட்டம் அநியாயம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிங்கின் அதே கடிதத்தில் ஒரு அளவுகோல் இருக்கிறது. ஒரு கூட்டம் தனக்குப் பொருந்தாத சட்டத்தை இன்னொரு கூட்டத்தின் மேல் திணிப்பது அநீதி. அந்தச் சட்டத்தைச் செய்வதில் வாயே இல்லாதவர்கள் மேல் அதைப் போடுவதும் அநீதி. தோள்சீலை உத்தரவு இரண்டிலுமே மாட்டும். வைக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள் நடக்கக் கூடாது என்று தடுத்திருந்த, கோயிலைச் சுற்றிய தெருவும் அப்படித்தான். 1924 மார்ச் 30-ல் மூன்று சாதியைச் சேர்ந்த மூன்று பேர் கைகோத்துக்கொண்டு தடைப் பலகையைத் தாண்டினார்கள். பெரியார் போய் இரண்டு தடவை சிறைப்பட்டார். முதலில் ஒரு மாதம், அப்புறம் நாலு மாதக் கடுங்காவல் தீர்ப்பு. கோயிலுக்குள்ளே போகும் உரிமையைக் கேட்டதல்ல அந்தப் போராட்டம். நாயும் மாடும் நடக்கிற தெருவில் மனுஷன் நடக்கலாமா என்பதுதான் அங்கே வழக்கு.

மணி அண்ணே, உங்கள் கள் சட்டத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் முழுசாக மாட்டாது. ஓட்டுப் போட்டு வந்த சட்டமன்றம் செய்த சட்டம் அது. மரமேறுகிறவருக்கும் ஓட்டு இருக்கிறது. மது வியாபாரம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதே சமயம் பாட்டிலுக்கு அனுமதி, பாளைக்குத் தடை என்கிற பாரபட்சம் இருக்கிறதே, அது என்னையும் உறுத்துகிறது.

வேலந்தாவளம் பையன்

வக்கீல் சாரோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஒரு பயம். வரி கட்டாதவனும் ஹெல்மெட் போடாதவனும் சட்டம் அநியாயம் என்றுதான் சொல்கிறான். ஆளாளுக்குத் தீர்மானிக்க ஆரம்பித்தால் அப்புறம் சட்டம் எதற்கு?

ஆனைமலை செல்வி

தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் இன்னொரு பக்கத்திலிருந்து அதையே கேட்கிறேன். அநியாயம் யாருக்கு?

நான் ஆனைமலையில் வளர்ந்தவள். கள்ளுக்கடை இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. சனிக்கிழமை கூலி நாள். அப்பா கையில் காசு விழுந்ததும் அம்மா அதை வாங்கிவிட வேண்டும். அதற்காகத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கடைத் திருப்பத்தில் நிற்பார். சில வாரம் அப்பா தோட்டத்து வழியாகச் சுற்றிப் போய்விடுவார். அந்த வாரம் ரேஷன் அரிசி வாங்கக்கூடக் காசு இருக்காது. கடை மூடியபோது எங்கள் தெருவில் பெண்கள் பட்ட சந்தோஷத்தைப் பார்த்தவள் நான். அதனால் கள் தடை அநியாயம் என்று யாராவது ஒரே வரியில் எழுதினால் எனக்குப் பொறுக்காது. மதுவைக் குறைப்பது அரசின் கடமை என்று அரசியல் சட்டம் 47-வது பிரிவிலேயே இருக்கிறது.

சட்டத்தை மீறிய வரலாறு பேசுகிறோமே, 1921-ல் ஈரோட்டில் என்ன நடந்தது? கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்யக் கூடாது என்று 144 தடையுத்தரவு போட்டார்கள். பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் அதை மீறி மறியலுக்கு வந்தார்கள். பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். அந்த மீறல் கள்ளுக்கு எதிராக நடந்தது. இன்று கள்ளுக்காக மீறுகிறவர்கள் அதே வரலாற்றை எடுத்துப் பேசுவது எனக்கு வலிக்கிறது.

பாட்டிலை விற்றுக்கொண்டே பாளையைத் தடுப்பது நேர்மை இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அதற்குப் பதில் பாட்டிலையும் மூடுவதுதான் என்று நான் சொல்வேன். இதையும் திற என்று நீங்கள் சொல்கிறீர்கள். ஒரே பாரபட்சத்தைப் பார்த்து இரண்டு பேர் இரண்டு திசையில் போகிறோம். அப்படி இருக்கும்போது அந்தச் சட்டத்தை மீறுவது நியாயம் என்று உங்களுக்கு மட்டும் எப்படி உறுதியாகத் தெரிகிறது?

தென்னந்தோப்பு மணி (கொழிஞ்சாம்பாறை)

செல்வி அக்கா, உங்கள் அம்மா நின்ற திருப்பத்தை என்னால் மறக்க முடியாது. எங்கள் பக்கமும் குடி இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் அதிகம் பேரைக் கெடுப்பது பாட்டில்தான் என்று கண்ணால் பார்க்கிறேன்.

தேங்காய் விலை விழுகிற வருஷத்தில், வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கருத்துப்போகும்போது, பாளையில்தான் தோப்புக்காரனுக்கு ஒரு வழி இருக்கிறது. நீரா, அதாவது புளிக்காத பாளைச் சாறு, இறக்க உரிமம் தருகிறோம் என்று தமிழ்நாட்டில் சொன்னார்கள். அதற்குக் கம்பெனி சேர வேண்டும், குளிர்ப்பெட்டி வேண்டும், சந்தை வேண்டும். மச்சான் மாதிரி இரண்டு ஏக்கர்க்காரனுக்கு அது எட்டவில்லை. விவசாயச் சங்கங்கள் வருஷக்கணக்காக மனு கொடுக்கின்றன, மாநாடு போடுகின்றன. ஆசிரியர் ஐயா சொன்ன வழியெல்லாம் போய்ப் பார்த்தாயிற்று.

தேயிலைக்காரி மகள் (மூணாறு)

நான் இந்த இழையை ரெண்டு நாளாகப் படிக்கிறேன். எல்லாரும் அநியாயமான சட்டத்தை மீறுவது பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் அம்மாக்கள் மீறியது நியாயமான சட்டத்தை.

2015 செப்டம்பரில் மூணாறு டவுனில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். எல்லாம் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து தாத்தா பாட்டி காலத்தில் மலையேறி வந்த குடும்பங்கள். அன்றைக்குத் தினக்கூலி 232 ரூபாய். 20 சதவீதம் இருந்த போனஸைப் 10 ஆகக் குறைத்தார்கள். பெண்கள் தொழிற்சங்கத்தைக் கேட்காமலேயே இறங்கினார்கள். சங்கத் தலைவர்கள் வந்தபோது பக்கத்தில் விடவில்லை. பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் வைத்ததெல்லாம் அப்புறம். முதல் நாள் பெயரும் இல்லை, தலைவரும் இல்லை.

சாலையை மறிக்கக் கூடாது என்பது நல்ல சட்டம்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது வேண்டும். அம்மாவுக்கும் அது தெரியும். ஆம்புலன்ஸ் வந்தால் எழுந்து வழிவிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி மாட்டி அம்மாவுக்கு முன்னந்தலையில் முடியே கிடையாது. அந்தத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலிலும் மழையிலும் இருந்தார். அவரை வாட்டிய சட்டம் எது என்று கேட்டால் காட்ட முடியாது. கூலி ஒப்பந்தம் சட்டப்படிதான் இருந்தது. எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு, ஓய்வு பெற்றதும் காலி பண்ண வேண்டும் என்பது, எல்லாமே சட்டப்படி. மீறுவதற்கு என்று ஒரு அநியாயச் சட்டம் கையில் கிடைக்காதபோது, மக்கள் கிடைத்த சட்டத்தை மீறுகிறார்கள்.

போனஸ் 20 சதவீதம் திரும்பி வந்தது. கூலி 500 கேட்டதற்கு 301-தான் கிடைத்தது.

வேலந்தாவளம் தம்பிக்கு: அம்மா ஆளாளுக்குத் தீர்மானிக்கவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துத் தீர்மானித்தார்கள். ஹெல்மெட் போடாதவன் தனக்காக மட்டும் மீறுகிறான்.

குழித்துறை வக்கீல்

அக்கா சொன்னது ரொம்ப முக்கியமான வேறுபாடு. மீறப்படும் சட்டமே அநீதியாக இருப்பது ஒரு வகை. வைக்கம், தோள்சீலை அந்த வகை. அநீதி வேறு எங்கோ இருக்க, கவனத்தைத் திருப்ப இன்னொரு சட்டத்தை மீறுவது இரண்டாவது வகை. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் மீறப்பட்டது வெறும் தடையுத்தரவுதான். கேட்டது, அன்று திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி. போலீஸ் சுட்டுப் பலர் இறந்தார்கள். ஆயுதமில்லாத கூட்டத்தைச் சுட்டதற்காக முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை விலக வேண்டும் என்று அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே சொன்னார். அவர் விலகவில்லை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் இந்தப் பக்கம் வந்தன. மூணாறு இருக்கும் தேவிகுளமும், பீர்மேடும் வரவில்லை. வந்திருந்தால் மூணாறு அக்காவின் அம்மா இன்று தமிழ்நாட்டுத் தொழிலாளியாக இருந்திருப்பார்.

இரண்டாவது வகையில் கூடுதல் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். அதில் கஷ்டப்படுவது பெரும்பாலும் சம்பந்தமே இல்லாதவர்கள். ஆம்புலன்ஸுக்கு எழுந்து வழிவிட்டார்கள் என்று அக்கா எழுதியதை அதற்காகவே திரும்பப் படித்தேன்.

நகரி சரவணன்

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இரண்டுமே உங்கள் அளவுகோலுக்குள் சரியாக உட்கார மறுக்கின்றன.

ஒன்று மாடு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் மெரினா போராட்டம் நடந்து 2017-ல் சட்டத்தையே திருத்தினார்கள். முன்பு எங்கள் சித்தூர் ஜில்லாவில் இருந்து இப்போது திருப்பதி ஜில்லாவுக்குப் போய்விட்ட சந்திரகிரி பக்கம் ரங்கம்பேட்டையில், ஜல்லிக்கட்டு மாதிரியே பசுவுல பண்டுக என்று ஒவ்வொரு சங்கராந்திக்கும் நடத்துவார்கள். போலீஸ் எச்சரிக்கும், மக்கள் நடத்துவார்கள். ஒளிவு மறைவு கிடையாது, ஊரே கூடி, பட்டப்பகலில். ஆசிரியர் ஐயாவின் வெளிப்படை நிபந்தனையும் மூணாறு அக்காவின் ஊர்கூடித் தீர்மானிக்கும் நிபந்தனையும் இங்கே நிறைவேறுகின்றன. ஆனால் அந்தச் சட்டம் யாரைக் காப்பாற்றுகிறது? மாட்டை. மாடு கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. அதனால் எத்தனை பேர் சேர்ந்து மீறினாலும் பாதிக்கப்படுவது யார் என்று பார்க்காமல் அதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நானும் அந்தத் திருவிழாவில் நின்று கத்தியவன்தான்.

இரண்டாவது, செம்மரம். சேஷாசலம் காடு. செம்மரத்தைக் காக்கும் சட்டம் அநியாயமானது என்று யாரும் சொல்ல முடியாது. உலகத்தில் இயற்கையாக அது வளர்வதே இந்தச் சுற்றுவட்டத்து மலைகளில்தான். 2015 ஏப்ரல் 7-ல் அந்தக் காட்டில் ஆந்திரப் போலீஸ் இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலும் ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்துக் கூலிக்காரர்கள். அவர்கள் எந்தச் சட்டத்தையும் எதிர்த்துப் போகவில்லை. யாரோ ஒரு மேஸ்திரி பஸ் ஏற்றிவிட்டான், நாள் கூலி அதிகம் என்றான், போனார்கள். அவர்கள் செய்தது சட்ட மறுப்பு அல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் மரத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றிச் சம்பாதித்தவன் அன்றைக்கு அந்தக் காட்டில் இல்லை. வெட்டுக்கத்தியைப் பிடித்தவன்தான் இருந்தான்.

அந்த நாளில் சட்டத்தை அதிகம் மீறியது யார் என்று கேட்டால் நான் போலீஸைத்தான் காட்டுவேன். மரம் வெட்டியதற்கு எந்தச் சட்டத்திலும் மரண தண்டனை கிடையாது.

திருத்தணி ஆசிரியர்

சரவணன் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை. வேலூர் வழியாக அந்தக் குடும்பங்கள் உடலை வாங்கப் போனதைச் செய்தியில் பார்த்தது நினைவு வந்தது.

அம்பேத்கர் பேச்சைப் பற்றிச் சொன்னேன். அவரே 1927 மார்ச்சில், தலித்துகளை அண்ட விடாத மகாத் ஊரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தவர் என்று யாராவது கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். மகாத்தில் அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. பொதுக் குளங்கள் எல்லாருக்கும் உண்டு என்று 1923-லேயே பம்பாய் சட்டமன்றம், அதன் உறுப்பினர் போலே கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது. சட்டம் கொடுத்ததை ஊர் கொடுக்கவில்லை. குடிக்கப் போனவர்களைத்தான் அடித்தார்கள். அதனால் சட்டத்தை மீறுகிறான் என்று ஒருவனைக் காட்டும்போது, மீறுவது அவனா, அவனைத் தடுப்பவனா என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

தென்னந்தோப்பு மணி (கொழிஞ்சாம்பாறை)

ஐயா, அதற்கு எங்கள் பஞ்சாயத்துப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. முதலமடைப் பஞ்சாயத்தில் தேக்கடி என்று பரம்பிக்குளத்து ஆதிவாசிக் குடியிருப்புகள். இடுக்கித் தேக்கடி அல்ல. தங்கள் சொந்தப் பஞ்சாயத்து ஆபீசுக்கு வர அவர்கள் டாப்ஸ்லிப், சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றி வர வேண்டியிருந்தது. கொரோனாவில் எல்லையை மூடியபோது அதுவும் போயிற்று. 2020 காந்தி ஜெயந்தி அன்று அவர்களே மண்வெட்டி, அரிவாளோடு செம்மணாம்பதிப் பக்கம் காட்டுக்குள் வழி வெட்டத் தொடங்கினார்கள். வனச் சட்டத்தைப் பார்த்தால் மீறல். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தில் ஒரு ஹெக்டேருக்கு மிகாமல் சாலை போடக் காட்டு நிலம் தரலாம் என்று இருக்கிறது. சட்டம் கொடுத்த வழியை ஆபீசு கொடுக்காததால் கையால் வெட்டினார்கள்.

ஆனைமலை செல்வி

மணி, அந்த ஆதிவாசிகள் தங்கள் கையால் வெட்டினார்கள். மூணாறு அக்காவின் அம்மா தன் உடம்பைக் கொண்டுபோய் ரோட்டில் வைத்தார். தோள்சீலைப் பெண்கள் தங்கள் தோளில் போட்டுக்கொண்டார்கள். இதுவரை இந்த இழையில் வந்த எல்லாரும் தாங்கள் அநியாயம் என்று நினைத்ததைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டவர்கள். சரவணன் சொன்ன செம்மரக்காரன் மட்டும் வேறு.

உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படித்துப் பாருங்கள். சட்டம் அநியாயம் என்று சொல்வது நீங்களும் உங்கள் மச்சானும். மரம் உங்கள் மச்சானுடையது. கள் விற்ற காசில் பெரும்பங்கும் அவருக்கு. பிடிபட்டது ஏறியவர். அவர் இந்தச் சட்டம் அநியாயம் என்று நினைத்து ஏறினாரா, வேறு வேலை இல்லாமல் ஏறினாரா? யாராவது கேட்டீர்களா? கள் தடை சரியா தவறா என்பதில் நாம் சண்டை போடலாம். ஆனால் உங்கள் கொள்கைக்காக இன்னொரு வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போவதை நான் சட்ட மறுப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேலந்தாவளம் பையன்

அக்கா சொன்ன பிறகு என் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. யார் தீர்மானிப்பது என்று கேட்டேன். விலை கொடுக்கப்போகிறவர் தீர்மானிக்கட்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வக்கீல் சார் சொன்னாரே, தண்டனையை ஏற்பது வெறும் உத்தி என்று. அதோடு இது முட்டுகிறதே?

குழித்துறை வக்கீல்

முட்டவில்லை தம்பி. அநீதி யார் மேல் விழுகிறதோ அவர் தண்டனையையும் தேடி வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்றேன். ஒளிந்து மீறினாலும் அவர் செய்தது சரிதான். அதற்காக, வசதி உள்ளவர் வசதி இல்லாதவரை முன்னால் நிறுத்திவிட்டுத் தண்டனையை அவர் தலையில் கட்டலாம் என்று ஆகாது. நாகர்கோவில் வழக்கறிஞர் சங்கத்தில் சாதி பார்த்துச் சிலருக்கு முக்காலி, சிலருக்கு நாற்காலி என்று இருந்தது. குமரி எல்லைப் போராட்டத் தலைவரான வக்கீல் நேசமணி அந்த முக்காலிகளைத் தன் காலாலேயே உதைத்துத் தள்ளினார். குமாஸ்தாவை அனுப்பி உதைக்கச் சொல்லவில்லை.

மணி அண்ணே, உங்கள் மச்சானுக்கு ஒரு சட்ட விஷயம். மதுவிலக்குச் சட்டத்தில் மரமேறிச் சீவுகிறவர் மட்டும் குற்றவாளி அல்ல, தன் மரத்தில் சீவ அனுமதிக்கிறவரும் குற்றவாளிதான். வழக்கமாக ஏறியவர் பெயர் மட்டும் எஃப்.ஐ.ஆரில் வரும், தோப்புக்காரர் பெயர் வராது. ஏன் வராது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

தென்னந்தோப்பு மணி (கொழிஞ்சாம்பாறை)

நேற்று மச்சான் வீட்டுக்குப் போனேன். செல்வி அக்கா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். என் தங்கை அடுப்படியிலிருந்து வெளியே வந்து, அவரைப் பிடித்துக்கொண்டு போன அன்றைக்கே இதைத்தானே நான் சொன்னேன் என்றாள். மச்சான் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், என் தோப்பு, நான்தான் ஏறச் சொன்னேன், அதை நானே கோர்ட்டில் சொல்கிறேன் என்றார். இந்தச் சட்டம் தப்பு என்பதையும் அங்கேயே சொல்லப் போகிறாராம்.

ஏறியவருடைய வீட்டுக்கும் போனோம். ஜாமீனில் வந்திருக்கிறார். சட்டம் நியாயமா அநியாயமா என்று கேட்டேன். எங்கள் கொழிஞ்சாம்பாறைத் தோப்பில் ஏறிய காலத்தில் போலீஸ் ஜீப்பைப் பார்த்தால் கை நடுங்காது, இங்கே நடுங்குகிறது, நடுங்கிக்கொண்டே மரத்தில் இருப்பது ஆபத்து என்றார். எங்கள் பக்கத்தில் உரிமத்தோடு வேலை வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். அதற்கு ஏற்பாடு பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வக்கீல் சார், மச்சான் அப்படிச் சொன்னால் ஏறியவர் மேல் உள்ள கேஸ் போய்விடுமா?

குழித்துறை வக்கீல்

போகாது அண்ணே. இரண்டு பேர் மேலும் நிற்கும் வாய்ப்புதான் அதிகம். ஆனால் கூலிக்கு ஏறினார், முதலாளி சொல்லி ஏறினார் என்பது தண்டனையைத் தீர்மானிக்கும்போது அவருக்கு உதவும். மச்சான் தானாகப் போய் எதையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம், ஒரு வக்கீல் மூலமாகவே போகட்டும். ஏறியவருக்குத் தனி வக்கீல் வையுங்கள், இரண்டு பேருக்கும் ஒரே ஆள் வேண்டாம், செலவு மச்சானுடையது. பொள்ளாச்சியில் என்னோடு படித்தவர் ஒருவர் இருக்கிறார், நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். போகும்போது எஃப்.ஐ.ஆர். நகலும், தோப்பு மச்சான் பெயரில்தான் இருக்கிறது என்று காட்ட சிட்டாவும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.